“ஆல் பிக் டென்” பட்டியலில் பொடி எழுத்துப் பெயர்: இதற்கு என்ன மதிப்பு? (1954 செய்தித்தாள் துண்டு)

#1 கொலம்பஸ்_குமரன்

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். தபால்தலை இருக்கும் என்று நம்பி இரண்டு டாலருக்கு ஒரு ஷூ பெட்டி வாங்கினேன். திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கச் செய்தித்தாள் துண்டுகள். எல்லாமே கல்லூரி அமெரிக்கக் கால்பந்து, 1952இலிருந்து 1955 வரை.

நான் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே சனிக்கிழமை மேட்ச் என்றால் தெருவே காலி. ஆனாலும் ஆட்டம் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். எனவே தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1954ஆம் வருஷத்துத் துண்டு ஒன்றில் “ஆல் பிக் டென்” என்று தலைப்பு. மேலே கொட்டை எழுத்தில் பதினொரு பெயர். அதில் ஆலன் அமீச்சி, ஹோவர்ட் கேசடி, கால்வின் ஜோன்ஸ் ஆகியோரைத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கீழே இரண்டாம் அணி. அதற்கும் கீழே எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் “ஹானரபிள் மென்ஷன்” (கௌரவக் குறிப்பு) என்று ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கார்டு (முன்வரிசையில் நின்று எதிராளியைத் தள்ளுகிறவர்) ஆட்டக்காரரின் பெயருக்கு மட்டும் நீலப் பென்சிலில் அடிக்கோடு.

அதே வாரத்து இன்னொரு பேப்பர் துண்டில் அதே “ஆல் பிக் டென்”, ஆனால் பெயர்கள் கொஞ்சம் வேறு. நீலக்கோட்டு ஆள் அங்கே பொடி எழுத்தில்கூட இல்லை. இதில் எது அதிகாரபூர்வமானது?

இன்னொரு குழப்பம். 1952 துண்டில் 22 பெயர் இருக்கிறது, 1954இல் 11தான். பாதிப் பேர் எங்கே போனார்கள்?

#2 லைன்மேன்_லோகு

நல்ல வேட்டை தம்பி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அமெரிக்கக் கல்லூரிகள் வட்டாரம் வட்டாரமாகக் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களில் இருக்கும். உங்கள் ஓஹாயோ ஸ்டேட் பிக் டென்னில். அந்தக் காலத்தில் தெற்கே எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்), டெக்சாஸ் பக்கம் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ், மேற்குக் கரையில் பசிஃபிக் கோஸ்ட், நடுவில் பிக் செவன். நவம்பர் கடைசியில் சீசன் முடிந்ததும் அந்தக் குழுவின் எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் இடத்துக்கு இடம் சிறந்தவரைப் பொறுக்கி ஓர் அணி எழுதுவார்கள். எழுதுவதோடு சரி. நம் ஊர் மாவட்ட அணித் தேர்வு போல நினைத்துவிடாதீர்கள். இந்த அணி ஒருநாளும் மைதானத்தில் இறங்காது.

அந்தக் காலத்தில் அதிகாரபூர்வம் என்று ஒன்றும் கிடையாது. அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) என்ற செய்தி ஏஜென்சி ஒரு பட்டியல் போடும், யுனைடெட் பிரஸ் (யூபி) இன்னொன்று போடும். (இந்த யூபிதான் 1958இல் இன்னொரு ஏஜென்சியோடு சேர்ந்து யூபிஐ ஆனது.) சில பட்டியல்களில் வாக்குப் போட்டவர்கள் விளையாட்டு நிருபர்கள், சிலவற்றில் பயிற்சியாளர்கள். ஒருவர் இரண்டிலும் முதல் அணியில் வந்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. உங்கள் நீலக்கோட்டு ஆள் ஒன்றில் மட்டும், அதுவும் ஓரத்தில் வந்திருக்கிறார்.

22, 11 கதை பெரிய கதை. ராத்திரி எழுதுகிறேன், இப்போது டூட்டி.

#3 சும்மா_படிப்பவன்

அப்படியென்றால் பேப்பர்காரன் போட்ட லிஸ்ட்தானே? ஓட்டுப் போடுகிறவனுக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் பெயர் வந்துவிடாதா 😀

#4 மேடைக்கு_வெளியே

சாப்பாட்டைவிடப் பெரிய சிக்கல் உண்டு. ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை மேட்ச் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள். 1952இலிருந்து கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. தொலைக்காட்சிக்குக் கடிவாளம் போட்டிருந்தது. நாடு முழுக்கச் சனிக்கிழமைக்கு ஒரு மேட்ச்தான். டிவியில் வந்தால் மைதானத்துக்கு ஆள் வரமாட்டார்கள் என்று பயம். ஆக மினியாபொலிஸ் நிருபர் இந்தியானாவின் கார்டு ஒருவரை அந்த வருஷம் ஒரு தடவை பார்த்திருந்தால் அதிகம். மீதி எல்லாம் கல்லூரியின் விளம்பர அதிகாரி தபாலில் அனுப்பும் தாள்கள்.

ஓடுகிற பையனுக்காவது கெஜக் கணக்கு உண்டு. 1953இல் இல்லினாயின் ஜே.சி. கேரலைன் 1,256 கெஜம் ஓடி நாட்டிலேயே முதல் என்றால் யாரும் எண்ணிப் பார்க்கலாம். கார்டுக்கு என்ன எண்? அவன் எதிராளியைத் தள்ளிப் பிடித்ததால்தான் அந்த ஓட்டம் நடந்தது, ஆனால் எந்தக் கட்டத்திலும் அது எழுதப்படாது. எனவே லைனில் (முன்வரிசையில்) நின்றவர்களைப் பொறுத்தவரை இந்தப் பட்டியல் பாதி செவிவழிச் செய்தி. என் கருத்து இவ்வளவுதான்.

#5 லைன்மேன்_லோகு

மேடம், பாதி ஒத்துக்கொள்கிறேன். மறுபாதி இதோ. பயிற்சியாளர் ஓட்டுப் போடும் பட்டியலில் அந்தப் பேச்சு செல்லாது. தன் ஆளைத் தரையில் உருட்டியவன் யார் என்று அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை இருட்டறையில் உட்கார்ந்து பதினாறு மில்லிமீட்டர் ஃபிலிமை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவர் அவர். நான் பள்ளியில் லைனில் நின்றவன். எதிரணிப் பயிற்சியாளர் ஒரு தடவை என் முதுகில் தட்டிவிட்டுப் போனது, எங்கள் பள்ளி கொடுத்த எந்தக் கேடயத்தைவிடவும் ஞாபகமிருக்கிறது.

சரி, 22 கதை.

முதலில் எல்லோரும் இரண்டு பக்கமும் ஆடவேண்டும். பந்து நம்மிடம் இருந்தால் தாக்கு, போய்விட்டால் அதே பதினொரு பேர் தடு. உலகப்போர்க் காலத்தில் ஆள் பஞ்சம், எனவே 1941இல் ஆள் மாற்றும் விதியைத் தளர்த்தினார்கள். நான்கு வருஷம் யாரும் அதை முழுசாகப் பயன்படுத்தவில்லை. 1945இல் மிஷிகன் பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் கிரைஸ்லரிடம் இருந்ததெல்லாம் பொடிப் பையன்கள். எதிரே ஆர்மி அணி, பிளான்சர்ட், டேவிஸ் என்ற இரண்டு நட்சத்திரங்கள் இருந்த அணி. அவர் தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம் என்று பிரித்து இறக்கினார். 28க்கு 7 என்று தோற்றார்தான், ஆனால் பார்த்தவர்களுக்கெல்லாம் புத்தி வந்துவிட்டது. அதற்குப் பெயர் டூ-பிளாட்டூன். சில வருஷங்களில் நாடெங்கும் அதுதான். பட்டியல்களும் தாக்குதலுக்கு 11, தடுப்புக்கு 11 என்று ஆயின. உங்கள் 1952 துண்டு அதுதான் தம்பி.

1953 ஜனவரியில் விதிக்குழு ஒரே அடியாகத் திருப்பிப் போட்டது. ஒரு குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதியில்) வெளியே போனவன் அதே குவார்ட்டரில் திரும்ப வரமுடியாது, கடைசி நிமிடங்களுக்கு மட்டும் சின்னச் சலுகை. இரண்டு கூட்டம் வைத்து ஆடச் சிறிய கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது பெரிய காரணம். டென்னசி பயிற்சியாளர் ஜெனரல் நேலண்ட் போன்ற பழைய ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆக 1953இலிருந்து பட்டியல் மறுபடி 11. முழுசாகத் தளர்ந்தது 1964இல்தான்.

#6 கொலம்பஸ்_குமரன்

அண்ணா, இப்போதுதான் புரிகிறது. 1952 துண்டையும் 1953 துண்டையும் மேசைமேல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ’52இல் தடுப்பு அணியில் மட்டும் இருந்த ஒரு லைன்பேக்கர் ’53இல் எந்த மூலையிலும் இல்லை. படிப்பு முடிந்து போனாரா, தாக்க வராது என்று உட்கார வைத்தார்களா தெரியாது. ஒரு விதியை மாற்றினால் பேப்பரில் பதினொரு இடம் அப்படியே மறைந்துவிடுகிறது!

#7 லைன்மேன்_லோகு

அதேதான். 1958இல் எல்.எஸ்.யூ.வில் (லூயிசியானா ஸ்டேட்) பயிற்சியாளர் பால் டீட்சல் செய்ததையும் பாருங்கள். விதி இறுக்கமாக இருந்ததால் மூன்று அணி வைத்தார். ஒயிட் டீம் இரண்டு பக்கமும் ஆடும், கோ டீம் தாக்கும். மூன்றாவது கூட்டம் தடுக்க மட்டும், அதற்கு ஒரு படக்கதையிலிருந்து எடுத்து “சைனீஸ் பேண்டிட்ஸ்” என்று பெயர். (இன்று அந்தப் பெயரை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.) மூன்றாம்தர ஆட்கள்தான், ஆனால் அவர்கள் இறங்கினால் ஸ்டேடியமே எழுந்து நிற்கும். அந்த வருஷம் 11க்கு 11 வெற்றி, தேசிய சாம்பியன். ஆல் எஸ்.இ.சி. புகழ் யாருக்கு? ஒயிட் டீமின் பில்லி கேனனுக்கு. 1959இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் அவருக்கே. தப்பில்லை, அவர் அப்பேர்ப்பட்ட ஆள். பிற்காலத்தில் பல் டாக்டராகி, 1983இல் கள்ளநோட்டு வழக்கில் மாட்டியது தனிக்கதை.

#8 சும்மா_படிப்பவன்

பல் டாக்டர் கள்ளநோட்டு அடித்தாரா!! இதற்குத் தனி இழை வேண்டும்.

அப்புறம் ஒரு கேள்வி. பிக் டென் என்றால் சிகாகோ பல்கலைக்கழகமும் சேர்த்துத்தானே? முதல் ஹைஸ்மன் வாங்கியவர் சிகாகோக்காரர் என்று படித்தேன்.

#9 மேடைக்கு_வெளியே

ஜே பெர்வாங்கர், 1935. ஆனால் குமரனின் துண்டுகளில் சிகாகோ வராது. அவர்கள் 1939 சீசனோடு கால்பந்தையே நிறுத்தி, 1946இல் கான்ஃபரன்ஸை விட்டும் போனார்கள். கொஞ்ச காலம் ஒன்பது பேர்தான், பேப்பர்களும் “பிக் நைன்” என்றே எழுதின. பிறகு மிஷிகன் ஸ்டேட் வந்தது. கால்பந்தில் அவர்கள் முதல் பிக் டென் சீசன் 1953, வந்த வேகத்தில் இல்லினாயோடு பட்டத்தைப் பங்குபோட்டு ரோஸ் பவுலுக்கும் (சீசன் முடிந்தபின் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் பவுல் ஆட்டங்களில் ஒன்று) போனார்கள். பெயரில் இருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது என் பெரிய புகாருக்கு வருகிறேன். இந்தப் பட்டியலுக்குள் நுழைய முதலில் ஒரு கான்ஃபரன்ஸில் இருக்கவேண்டும். நோட்டர்டாம், ஆர்மி, சிரக்யூஸ், பென் ஸ்டேட் எல்லாம் அப்போது எதிலும் சேராத தனிக்கட்டைகள். சிரக்யூஸின் ஜிம் பிரவுனுக்கு “ஆல்-கான்ஃபரன்ஸ்” என்ற வரியே வாழ்க்கைக் குறிப்பில் இருக்க முடியாது. ஜிம் பிரவுனுக்கு அது தேவையும் இல்லை, வேறு வழியில் உலகம் தெரிந்துகொண்டது. 1951 சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியை எடுங்கள். 9க்கு 9 வெற்றி. ஆலி மேட்சன், ஜீனோ மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் என்று பின்னாளில் புரோ (தொழில்முறை) ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்க்கூடத்துக்குப் போன மூன்று பேர் ஒரே கல்லூரி அணியில். கறுப்பின ஆட்டக்காரர்களான மேட்சனையும் பர்ல் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் பவுல் ஆட்டம் உண்டு என்று பேச்சு வந்தது. பையன்கள் மறுத்துவிட்டார்கள். பவுல் கிடையாது, காசும் கிடையாது. அந்தச் சீசனோடு கல்லூரி பெரிய கால்பந்தை மூடிவிட்டது. கான்ஃபரன்ஸும் இல்லாததால் அந்தப் பட்டியலும் கிடையாது. அவர்களுக்குச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டிருந்த இளைஞர் பீட் ரோசெல், பின்னாளில் புரோ லீகான என்.எஃப்.எல்.லுக்கே தலைவரானவர்! அப்பேர்ப்பட்ட விளம்பரக்காரர் இருந்தும் இதுதான் கதி.

#10 எட்மன்டன்_ரஞ்சி

நான் இங்கே வாசிக்கிறதோடு சரி, எழுதுறது குறைவு. ஆனால் நிறம் பற்றிக் கதை வந்தபடியால் ஒன்று சொல்லவேணும்.

எங்கட நகரத்தில் ஜானி பிரைட் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. என்ர மகள் அங்கே படிச்சவள். யாரடா இந்த பிரைட் என்று தேடிப் பார்க்கப்போய்த்தான் எனக்கு இந்த விளையாட்டே அறிமுகம். இங்கே அவர் எட்மன்டன் எஸ்கிமோஸ் அணிக்கு ஆடி, பிறகு ஆசிரியராகவும் பள்ளி அதிபராகவும் இருந்தவர். ஆனால் அவர் கனடாவுக்கு வந்த காரணத்தை அறிந்தபோது இரவு நித்திரை வரவில்லை.

1951 அக்டோபர் 20, ஓக்லஹோமாவில் ஸ்டில்வாட்டர் நகரம். பிரைட் அயோவாவின் டிரேக் பல்கலைக்கழக அணி. மிசூரி வேலி கான்ஃபரன்ஸ். 1949, 1950 இரண்டு வருஷமும் மொத்தத் தாக்குதல் கெஜத்தில் நாட்டிலேயே முதல் ஆள். அன்றைக்கு எதிரணி ஓக்லஹோமா ஏ அண்ட் எம். முதல் ஏழு நிமிடத்தில் மூன்று தரம் அவரை மயங்கி விழ அடிச்சவை. அதில் ஒரு அடியில் தாடை உடைஞ்சது.

அந்தப் படத்தை ஒருக்கால் பாருங்கோ. டிமொய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகையின் இரண்டு படப்பிடிப்பாளர்கள், ஏதோ நடக்கப்போகுது என்ற வதந்தி கேட்டு, கமராவை பிரைட்டிலேயே வைச்சிருந்தவை. வரிசையாகப் படங்கள். பந்தை அவர் மற்றவரிடம் குடுத்தாச்சு, பந்து அங்கால தூரத்தில் போகுது. அவர் கையைத் தொங்கவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார். எதிராளி பந்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வந்து முன்னங்கையால் முகத்தில். அந்தப் படங்களுக்கு 1952இல் புலிட்சர் பரிசு கிடைச்சது.

தாடை உடைஞ்ச பிறகும் ஒரு டச்டவுன் பாஸ் எறிஞ்சுபோட்டுத்தான் வெளியே போனவர். கான்ஃபரன்ஸ் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. டிரேக் கோபத்தில் கான்ஃபரன்ஸை விட்டு விலகியது, பிராட்லியும் கூடவே விலகியது. அமெரிக்க புரோ அணி ஒன்று முதல் சுற்றிலேயே எடுத்தும் அங்கே போகாமல் கனடாவுக்கு வந்தார். ஓக்லஹோமா ஸ்டேட் மன்னிப்புக் கேட்டது 2005இல். அவர் செத்து 22 வருஷம் கழிச்சு.

#11 கொலம்பஸ்_குமரன்

அக்கா, படங்களைப் பார்த்துவிட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

#12 மேடைக்கு_வெளியே

நன்றி ரஞ்சி. இதற்கு மேல் நான் அடுக்குவது வெறும் தேதிகள்தான், ஆனாலும் இந்த இழைக்கு வேண்டும்.

பிக் டென்னில் கால்வின் ஜோன்ஸ், கேரலைன் போன்றவர்கள் பெயர் வந்தது, ஏனென்றால் அவர்கள் மைதானத்தில் இருந்தார்கள். அதே 1954இல் எஸ்.இ.சி. பட்டியலை எடுத்தால் அதில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இருக்க வழியில்லை, ஏனென்றால் சேர்க்கவே இல்லை. அங்கே முதல் ஆள் கென்டக்கியின் நேட் நார்திங்டன், 1967. அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யில் மேரிலாந்தின் டாரில் ஹில், 1963. சவுத்வெஸ்டில் 1966இல்தான் பேய்லரின் ஜான் வெஸ்ட்புரூக்கும் எஸ்.எம்.யூ.வின் ஜெரி லெவையஸும். லெவையஸ் ஆடிய மூன்று வருஷமும் ஆல் சவுத்வெஸ்ட். கதவு திறந்த மறுநிமிடமே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்படியென்றால் அதற்கு முந்தைய முப்பது வருஷப் பட்டியலில் எத்தனை நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்திருக்கவேண்டும்?

நடுவில் ஓக்லஹோமாவின் பிரென்டிஸ் காட். பயிற்சியாளர் பட் வில்கின்சன் காலம், தொடர்ந்து 47 வெற்றி என்று ஆடிய அணி. அங்கே உதவித்தொகையில் ஆடிய முதல் கறுப்பின வீரர், 1958, 59 இரண்டு வருஷமும் கான்ஃபரன்ஸ் பட்டியலில். இதையும் சொல்லவேண்டும்.

#13 தாத்தாவின்_ரேடியோ

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து. அன்றைய அநியாயத்துக்குப் பட்டியல் என்ன செய்யும்? ஆடிய ஆட்களில் சிறந்தவர் யார் என்றுதான் நிருபரைக் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார். அன்றைய சவுத்வெஸ்ட் நட்சத்திரங்களான டோக் வாக்கரையும் பாபி லேனையும் இன்று குறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. 1956இல் டென்னசியின் ஜானி மேஜர்ஸ் பழைய சிங்கிள் விங் முறையில் ஓடுவார், எறிவார், பந்தை உதைப்பார். இரண்டு வருஷம் தொடர்ந்து எஸ்.இ.சி.யின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். ஹைஸ்மனை மட்டும் 2 வெற்றி 8 தோல்வி கண்ட நோட்டர்டாமின் பால் ஹார்னங்குக்குக் கொடுத்தார்கள்! அந்தக் கூத்தைப் பார்க்கும்போது கான்ஃபரன்ஸ் பட்டியல் எவ்வளவோ யோக்கியம். தேசிய விருது என்றால் பெயர் பெற்ற கல்லூரிக்குத்தான், வட்டாரப் பட்டியலில் அக்கம்பக்கத்தார் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள்.

#14 லைன்மேன்_லோகு

ரேடியோ சார், மேஜர்ஸ் விஷயத்தில் உங்களோடு நூறு சதவீதம். ஆனால் “பட்டியல் என்ன செய்யும்” என்பதில் இல்லை. பட்டியல் நிறையச் செய்யும். அந்தக் காலத்தில் புரோ அணிகளிடம் ஊர் ஊராகப் போய்ப் பார்க்க ஆளும் கிடையாது, காசும் கிடையாது. டிராஃப்ட் (புரோ அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நாள்) அன்று பல பேர் பத்திரிகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெயர் சொன்னார்கள். பட்டியலில் இல்லையென்றால் வேலை இல்லை.

இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. பெரிய பேப்பர்கள் கறுப்பினக் கல்லூரிகளை எட்டிப் பார்க்காது. மோர்கன் ஸ்டேட், கிராம்பிளிங், ஃபுளோரிடா ஏ அண்ட் எம் எல்லாம் அவர்களைப் பொறுத்தவரை இல்லாத ஊர்கள். ஆனால் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின வார இதழ் 1920களிலிருந்தே தன் சொந்த ஆல்-அமெரிக்கா (நாடு தழுவிய) அணியைப் போட்டு வந்தது. 1953 டிராஃப்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் கடைசிச் சுற்றுகளுக்கு வந்துவிட்டது, சொல்லப் பெயர் இல்லை. அவர்களிடம் கூரியர் இதழ் ஒன்று இருந்தது. அதன் பட்டியலில் மோர்கன் ஸ்டேட்டின் டேக்கிள் (கார்டுக்குப் பக்கத்தில் லைனில் நிற்பவர்) ரோசவெல்ட் பிரவுன். 27ஆம் சுற்றில், 321ஆவது ஆளாக எடுத்தார்கள். ஜயன்ட்ஸில் ஒருவரும் அவர் ஆடி ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை.

அந்த ஆள் 1965 வரை அங்கேயே நின்றார். 9 தடவை புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டம். 1975இல் ஹால் ஆஃப் ஃபேம். லைனில் நின்றவனுக்கு எண் இல்லை என்று மேடம் சொன்னார்களே, எண் இல்லாதவனுக்குப் பேப்பரில் ஒரு வரிதான் எல்லாம்.

#15 மேடைக்கு_வெளியே

இந்தச் சுற்று உங்களுக்கு, லோகு. “செவிவழிச் செய்தி” என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் செவிவழிச் செய்தி ஒருவருக்குப் பதின்மூன்று வருஷம் சோறு போட்டிருக்கிறது.

#16 தாத்தாவின்_ரேடியோ

இந்த ரோசவெல்ட் பிரவுன் கதை எனக்குத் தெரியாது. நன்றி தம்பி. கூரியரில் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று தேடிப் படிக்கப் போகிறேன்.

கால்வின் ஜோன்ஸ் பற்றி யாரும் முடிக்கவில்லையே. அயோவாவின் கார்டு, 1955இல் சிறந்த லைன் ஆட்டக்காரருக்கான அவுட்லேண்ட் டிராஃபி வாங்கிய முதல் கறுப்பின வீரர். அடுத்த வருஷம் கனடாவில் வினிபெக் அணிக்குப் போனார். 1956 டிசம்பர் 9, வான்கூவரில் கனடிய நட்சத்திர ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பும் விமானம் ஸ்லெசி மலையில் மோதியது. 62 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. குமரன் தம்பி கையில் இருக்கும் அந்தத் துண்டு அச்சானபோது அவருக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி.

#17 எட்மன்டன்_ரஞ்சி

ஓம். இங்கே பழைய ஆட்கள் இன்றைக்கும் அந்த விமானத்தைப் பற்றிக் கதைப்பினம்.

#18 கொலம்பஸ்_குமரன்

ஐந்து நாள் கழித்து வருகிறேன், ஒரு விஷயம் நடந்தது.

பெட்டி மூடியின் உள்பக்கம் பேனாவில் ஒரு குடும்பப் பெயர் இருந்ததை முதல்நாள் கவனிக்கவில்லை. நீலக்கோட்டுப் பெயரும் அதே குடும்பப் பெயர். அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று மாலை பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். சாமான் விற்ற பெண்மணி இருந்தார், எழுபதை நெருங்கும் வயது. துண்டைக் காட்டியதும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய அப்பாதானாம். கல்லூரியில் கால்பந்து ஆடினார் என்று தெரியும், ஆனால் வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லையாம். துண்டுகளை வெட்டி வைத்தது அப்பாவின் அம்மா. நீலப் பென்சில் அவருடைய தையல் பென்சில், துணியில் அளவு குறிப்பது. “பாட்டிக்கு ஆட்டம் ஒன்றும் புரியாது, பேப்பரில் பெயரைத் தேடுவதோடு சரி” என்றார். அடிக்கோடு காகிதத்தின் பின்பக்கம்வரை அழுந்தியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் அவருக்கு ஏபி, யூபி எல்லாம் விளக்கினேன். (லோகு அண்ணா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.) பொடி எழுத்து என்றால் மட்டமில்லை, பத்துக் கல்லூரியில் இருக்கும் அத்தனை கார்டுகளிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து இவர் பெயரை எழுதியிருக்கிறார் என்றேன். “யார் எழுதியிருப்பார்கள்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெட்டியைக் கொடுத்துவிட்டேன். 1952 துண்டை மட்டும் நீயே வைத்துக்கொள் என்று திருப்பித் தந்தார். அவர் அப்பா அப்போது அணியில் இல்லையாம். அதில் 22 பெயர் இருக்கிறது, எதற்கும் அடிக்கோடு இல்லை.

#19 லைன்மேன்_லோகு

எதிரணிப் பயிற்சியாளராக இருக்கும் தம்பி. வேறு யார் கார்டைப் பார்க்கப்போகிறார்கள்.

#20 சும்மா_படிப்பவன்

ரெண்டு டாலர் திருப்பிக் கேட்டீர்களா?

#21 கொலம்பஸ்_குமரன்

இல்லை. பூசணிக்காய் பிரெட் ஒன்று முழுசாகச் சுற்றிக் கொடுத்தார். ராத்திரியே தீர்ந்துவிட்டது.